நர்ஸ் சம்பளத்துக்கு சிஎஸ்ஆர் நிதி கேட்டபோது

கொல்லிமலையில் வாராவாரம் மருத்துவ முகாம் நடத்தும் சின்ன அறக்கட்டளை எங்களுடையது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, ரத்தசோகை, பெரும்பாலும் இந்த மூன்றுதான். தெரிந்தவர்களிடம் வசூல் செய்து ஓட்டிக்கொண்டிருந்தோம். ஒரு கட்டத்தில் வேனுக்கு டீசல் போட்டால் மாத்திரைக்குப் பணம் இல்லை என்ற நிலை வந்த பிறகுதான் நிதி தேடி இறங்கினோம்.

வெளிநாட்டு நிதி நமக்குச் சரிவராது என்று முதலிலேயே விட்டுவிட்டோம். வெளிநாட்டு நன்கொடை வாங்கத் தேவையான எஃப்சிஆர்ஏ பதிவுக்கு மூன்று ஆண்டுகளில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவு செய்து காட்ட வேண்டும். பணம் வந்து இறங்க டெல்லி ஸ்டேட் வங்கியின் பிரதான கிளையில் கணக்கு வேண்டும். ‘நமக்கு நாமே’ திட்டத்தையும் விசாரித்தோம். மக்கள் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடுகிறது, நல்ல திட்டம்தான். ஆனால் அதில் கட்டடம் வரும், மாதச் சம்பளம் வராது. எங்களுக்கு வேண்டியது ஆள்.

மிஞ்சியது சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, கடந்த மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சொல்வதும் அதே பிரிவுதான். இது தெரிந்ததும் சென்னை அலுவலகங்களுக்கு மெயில் போடுவதை நிறுத்திவிட்டு, மலைக்குக் கீழே ஆலை வைத்திருப்பவர்களைப் பார்க்கப் போனோம்.

காகித வேலை பெரிய மலைப்பு ஒன்றும் இல்லை, ஆனால் வரிசையாகச் செய்ய வேண்டும். வருமான வரித் துறையின் 12ஏ (அறக்கட்டளைக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை) பதிவுகள் இரண்டும் கையில் இருக்க வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டுப் பதிவு எண் வாங்காத அமைப்புக்குக் கம்பெனிகள் நிதி தர முடியாது. அந்தப் படிவத்தை ஆடிட்டர் சான்றளித்து, அறங்காவலர் ஒருவர் டிஜிட்டல் கையெழுத்துடன் இணையத்தில் ஏற்ற வேண்டும். அறக்கட்டளைப் பத்திரத்தில் ஒரு எழுத்துக்கூட்டலும் பான் அட்டையில் வேறொன்றுமாக எங்கள் பெயர் இருந்தது. அதைத் திருத்திய பிறகுதான் அடுத்த அடி. நீங்களும் முதலில் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

உண்மையான பரீட்சை கம்பெனிக்காரர்களுடன் நடக்கும் நேர்முகத்தில்தான். “மக்களைத் தேடி மருத்துவத்தில் அரசே வீட்டுக்கு வந்து மாத்திரை தருகிறதே, நீங்கள் எதுக்கு?” என்பதுதான் முதல் கேள்வி. நியாயமான கேள்வி. தன்னார்வலர் வரும் நாளில் மிளகு பறிக்க வெளியூர் போய்விடுகிறவர்களின் பட்டியலை எடுத்து வைத்தோம். மாத்திரை விட்டுப்போனவர்களைத் தேடிப் பிடிப்பதும், கால் புண்ணைப் பார்த்துக் கீழே அனுப்புவதும்தான் எங்கள் வேலை என்று சொன்னோம். ‘அரசுப் பணிக்குத் துணை’ என்று மாவட்ட சுகாதார அலுவலகத்தில் வாங்கிய கடிதத்தையும் கூடவே நீட்டியதும் பேச்சின் தொனியே மாறியது.

அடுத்தது பட்ஜெட். வண்டி வேண்டுமா, உடனே சரி. கருவி வேண்டுமா, அதுவும் சரி. லோகோ ஒட்டலாம், படம் எடுக்கலாம். நர்ஸ் சம்பளம், குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் என்றதும் பேனா நின்றது. மீட்டரை வாங்குவது ஒரு தடவைதான். ஸ்ட்ரிப் ஒவ்வொரு விரலுக்கும் ஒன்று போகும். ஸ்ட்ரிப் தீர்ந்த மீட்டரை வைத்துக்கொண்டு மலையில் என்ன செய்வது? சம்பளத்தை ‘நிர்வாகச் செலவு, 5 சதவீதத்துக்கு மேல் முடியாது’ என்று தள்ளப் பார்த்தார்கள். எங்கள் ஆடிட்டர் விடவில்லை. அந்த 5 சதவீத வரம்பு கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்தும் பொதுச் செலவுக்கு. திட்டத்தை நேரடியாக நடத்தும் செலவு அதில் சேராது என்று 2021 ஜனவரியில் திருத்திய விதியிலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து வந்து காட்டினார். நர்ஸ் சம்பளம் உள்ளே வந்தது. ஸ்ட்ரிப்பில் பாதிதான் கிடைத்தது. மீதியை இன்னும் பழைய நன்கொடையாளர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

பணம் தவணையாகத்தான் வரும். முதல் தவணைக்கு ஆடிட்டரின் பயன்பாட்டுச் சான்று போகாமல் அடுத்தது நகராது. அந்த இடைவெளியில் சம்பளம் கொடுக்கக் கொஞ்சம் கையிருப்பு வேண்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

இன்னொன்று. செலவாகாத தொகையைச் சும்மா வைத்திருக்கச் சட்டம் விடாது என்பதால், ஜனவரி, பிப்ரவரியில் கம்பெனிகளே கூப்பிடும். “மார்ச் 31-க்குள் முடிக்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?” என்பார்கள். அப்போது நர்ஸைக் கேட்காதீர்கள், நடக்காது. ஹீமோகுளோபின் மீட்டர், மருந்து வைக்கும் ஃபிரிட்ஜ், முகாமுக்கு ஜெனரேட்டர் என்று விலைப்புள்ளியோடு தயாராக ஒரு பட்டியல் வைத்திருங்கள். எங்கள் ஃபிரிட்ஜ் அப்படி வந்ததுதான்.