எலிசபெத் செல்பெர்ட்

ஜெர்மனி என்றதும் அதன் முன்னாள் ஆட்சித்தலைவர் அங்கேலா மெர்க்கெலை மட்டுமே நினைவுகூரும் நாம், 1896-இல் காசெல் நகரில் பிறந்த எலிசபெத் செல்பெர்ட்டையும் அறிந்திருக்க வேண்டும். தபால் தந்தித் துறையில் வேலை பார்த்து, 1918-இல் சமூக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்த அவர், இரு பிள்ளைகளுக்குத் தாயான பிறகே பள்ளி இறுதித் தேர்வைத் தனித்தேர்வராக எழுதி, சட்டம் பயின்று, 1930-இல் முனைவர் பட்டமும் பெற்றார். கணவரை நாஜிகள் வேலையிலிருந்து நீக்கிச் சிறைவைத்த நிலையில், பெண்களுக்கு வழக்கறிஞர் தொழில் அடைக்கப்படுவதற்குச் சற்று முன்பாக, 1934-இல் அவர் அனுமதி பெற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்.

1948-இல் மேற்கு ஜெர்மனியின் அரசியலமைப்பை வகுத்த பேரவையின் 65 பேரில் பெண்கள் நால்வர்தாம்; செல்பெர்ட் அவர்களுள் ஒருவர். "ஆண்களும் பெண்களும் சம உரிமை உடையவர்கள்" என்று அவர் முன்மொழிந்த வாசகத்தை முதலில் அவர் கட்சியினரே தயக்கத்துடன்தான் பார்த்தனர். பேரவையின் முதன்மைக் குழுவோ நிராகரித்தது. அவர் ஊர் ஊராகச் சென்று பேச, பெண்கள் அமைப்புகளின் கண்டனக் கடிதங்கள் பேரவையில் குவிந்தன. 1949 ஜனவரியில் அதே குழு அவ்வாசகத்தை ஏற்றுக்கொண்டது. இத்தனைக்கும் பிறகு அவருக்குக் கூட்டாட்சி நாடாளுமன்றத்தில் இடம் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது. 1958 வரை ஹெசன் மாநிலச் சட்டமன்றத்தில் இருந்துவிட்டு, மீண்டும் வழக்கறிஞர் தொழிலைத் தொடர்ந்தார். மணமுறிவுக்கு யார் குற்றவாளி என்று தேடாமல், உறவு சிதைந்ததையே காரணமாகக் கொள்ளலாம் என அவர் தம் ஆய்வேட்டில் முன்வைத்த கருத்து, 1977-இல்தான் மேற்கு ஜெர்மனியில் சட்டமாக நடைமுறைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 80.