சாலையோரச் சோதனைப் பதிவில் எது முழுமை?

சில மாதங்களாக அமெரிக்காவில் சரக்கு லாரிகளையும் பேருந்துகளையும் சாலையோரத்தில் நிறுத்திச் சோதிக்கும் பதிவுகளை ஓய்வு நேரத்தில் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அங்கே ஆண்டுக்கு 30 லட்சம் அளவில் இத்தகைய சோதனைகள் நடக்கின்றன. அவற்றைச் செய்பவர்கள் பெரும்பாலும் மாநிலக் காவல் துறையினரும் மாநில அதிகாரிகளும்தான். அவர்கள் எழுதும் பதிவுகள் 21 நாட்களுக்குள், லாரி, பேருந்துப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான ஃபெடரல் மோட்டார் கேரியர் பாதுகாப்பு நிர்வாகத்தின் தரவுத்தளத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு மாநிலமும் அனுப்பும் தரவின் தரத்தை அந்த நிர்வாகமே மதிப்பிட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறமிட்டு வெளியிட்டு வந்திருக்கிறது. அந்த மதிப்பீட்டின் அளவுகோல்களுள் ஒன்று, ஓட்டுநரையும் வாகனத்தையும் பற்றிய கட்டங்கள் நிரப்பப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கும் பதிவு முழுமை.

கேட்பதற்கு எளிய கணக்குதான்: நிரம்பிய கட்டங்களை எண்ணி, மொத்தத்தால் வகுத்தால் முடிந்தது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் கட்டத்தை எண்ணுவதா, பதிவை எண்ணுவதா என்ற கேள்வி வந்ததும் கணக்கு கைநழுவியது. ஒரு பதிவில் பத்து முக்கியக் கட்டங்கள் இருப்பதாகவும், ஒவ்வொரு கட்டமும் 98% நிரம்பியிருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். விடுபட்ட அந்த 2% பத்துக் கட்டங்களிலும் ஒரே பதிவுகளில் விழுந்திருந்தால் 98% பதிவுகள் முழுமையானவை; ஒவ்வொன்றும் வெவ்வேறு பதிவில் விழுந்திருந்தால் 80% மட்டுமே முழுமையானவை; ஒன்றுக்கொன்று தொடர்பின்றிச் சிதறியிருந்தால் ஏறத்தாழ 82%. மூன்றுக்கும் கட்டவாரியான சராசரி அதே 98 என்பதால், எதை எண்ணினோம் என்று சொல்லாமல் வெறும் விழுக்காட்டை மட்டும் வெளியிடுபவரை நான் இப்போதெல்லாம் நம்புவதில்லை. லாரிப் பதிவுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. முன்னால் இழுக்கும் டிராக்டர் ஒரு வாகனம், பின்னால் வரும் டிரெய்லர் இன்னொரு வாகனம். முன்னதன் எண் இருந்து பின்னதன் எண் இல்லையென்றால், வாகனத்தை எண்ணுபவருக்கு அது பாதி, பதிவை எண்ணுபவருக்குச் சுழியம்.

இதைவிட எனக்கு அதிர்ச்சி தந்தது, நிரம்பியிருக்கும் கட்டங்களைத் திறந்து பார்த்தபோதுதான். வாகன அடையாள எண், அதாவது நம் ஊரில் சேசிஸ் நம்பர் என்று சொல்வது, 1981-ஆம் ஆண்டு மாடல் முதல் 17 எழுத்துகளும் எண்களும் கொண்டது. 1, 0 ஆகியவற்றோடு குழம்பிவிடக் கூடாது என்பதால் ஆங்கிலத்தின் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று எழுத்துகளும் அதில் வராது. ஒன்பதாவது இடத்தில் இருப்பது சரிபார்ப்பு எண்: ஒவ்வோர் இடத்திலும் உள்ளதன் எண் மதிப்பை அந்த இடத்துக்கு உரிய எடையால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதி அங்கே இருக்க வேண்டும் (மீதி 10 என்றால் X). அப்படியானால் போலி எண்கள் எல்லாம் இங்கே சிக்கிக்கொள்ளும் என்று நம்பி, சோதனைக்காக நானே பதினேழு ஒன்றுகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். எடைகளின் கூட்டுத்தொகை 89. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 1. ஒன்பதாவது இடத்திலும் 1. தேறிவிட்டது! பதினேழு சுழியங்களும் அதே போலத் தேறிவிடும். மழையில் நின்றபடி அவசரத்தில் ஓர் அதிகாரி விசையை அழுத்திப் பிடித்துக் கட்டத்தை நிரப்பினாலும், முழுமை, சரிபார்ப்பு இரண்டிலும் அந்தப் பதிவுக்கு முழு மதிப்பெண் கிடைக்கும். நேர்மையாகக் காலியாக விடப்பட்ட கட்டம் அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் மாநிலத்தின் நிறத்தைக் கெடுப்பது அந்தக் காலிக் கட்டம்தான்.

விதிமீறல் பகுதியின் வெற்றிடத்தை வேறு மாதிரி படிக்க வேண்டும். முதல் நிலைச் சோதனையில் அதிகாரி வாகனத்தின் அடியிலும் புகுந்து பார்க்கிறார். மூன்றாம் நிலையில் ஓட்டுநரையும் அவருடைய ஆவணங்களையும் மட்டுமே பார்க்கிறார். மூன்றாம் நிலைப் பதிவில் பிரேக் குறைபாடு எதுவும் எழுதப்படவில்லை என்பதற்கு, பிரேக்கை யாரும் பார்க்கவில்லை என்பதே பொருள். நிலையைப் பார்க்காமல் கணக்கிட்டு, ஒருமுறை ஒரு பெரிய தொகுதி வாகனங்களுக்கு நல்ல பிரேக் இருப்பதாக நானே எழுதிவிட்டேன். பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

பேருந்துகளின் நிலை இன்னும் வேறு. பயணிகளோடு போய்க்கொண்டிருக்கும் பேருந்தை, உடனடி ஆபத்து வெளிப்படையாகத் தெரிந்தாலன்றி, நடுவழியில் நிறுத்திச் சோதிக்கக் கூடாது என்பது அங்குள்ள பொது விதி. பேருந்து நிலையம், புறப்படும் இடம், சேருமிடம், எல்லைச் சாவடி, பணிமனை போன்ற இடங்களில்தான் அவை சோதிக்கப்படுகின்றன. ஆகவே அதிகாரிகள் எங்கே போய் நின்றார்களோ அந்த இடங்களின் பேருந்துகளே பதிவில் இருக்கும். மற்றவற்றைப் பற்றிக் காலிக் கட்டம்கூட இருக்காது. இப்போது பேருந்துகளின் முழுமை விழுக்காட்டுக்குப் பக்கத்திலேயே, மொத்தம் எத்தனை பதிவுகள், எந்த இடத்தில் நடந்தவை, எந்த நிலைச் சோதனை என்ற மூன்றையும் தனித்தனியாகக் குறித்து வைக்கிறேன்.