மல்லிகை மலிந்துவிட்டது

பங்குனி பிறந்ததும் மாட்டுத்தாவணிச் சந்தையில் மல்லிகை குவியத் தொடங்கிவிட்டது. மார்கழிப் பனியில் மொட்டு கருகி, கிலோ விலை ஆயிரங்களில் ஏறியபோது கல்யாண மாலை கட்டும் என்னைக் கொள்ளைக்காரியாகப் பார்த்தவர்கள், "விலைதான் இறங்கிவிட்டதே அக்கா, மாலைக்கும் குறைக்கலாமே?" என்கிறார்கள். பூ மலிந்தால் கைக்கூலியும் மலிய வேண்டுமா என்ன?

வீட்டுக் கூடம்தான் என் பட்டறை. ஈரத்துணிக்குள் மொட்டுகள், தண்ணீரில் ஊறும் வாழைநார், மின்விசிறிக்குத் தடை. (மகன் தினமும் முணுமுணுக்கிறான்.) மதுரை மல்லிக்கு இதழ் தடிப்பு, காம்பு இதழளவுக்கு நீளம். நாரை இறுக்கினாலும் ஒடியாது. 2013-இல் புவிசார் குறியீடு சும்மாவா கிடைத்தது! சாயங்கால வரவேற்புக்கு இறுகிய மொட்டாகவே கட்டிக் கொடுக்க வேண்டும். மணமக்கள் மேடையேறும் நேரத்துக்கு அது விரிய வேண்டும். இந்தக் கணக்கு கைக்கு வர வருடங்கள் பிடித்தன.

ஆர்க்கிட் கேட்பவர்களுக்கும் செய்து தருகிறேன்தான். மணமில்லாத பூவில் எனக்கு மனம் ஒட்டுவதில்லை.

சித்திரை முகூர்த்தங்களுக்கு மாலை வேண்டுவோர் இப்போதே சொல்லிவிடுங்கள். மீனாட்சி திருக்கல்யாணத்தன்று மட்டும் கேட்காதீர்கள். அன்று நானும் தாலிக்கயிறு மாற்றிக்கொள்ளக் கோயில் பக்கம் போய்விடுவேன்.