ஜெர்ட்ரூடே குஞ்சுகளும் வினிகர் புழு பாட்டிலும்

ஜெர்ட்ரூடே என்கிற குட்டித் தொட்டி மீனின் குஞ்சுகளுக்கு வயிறு ஆரஞ்சு நிறமாகத் தெரிகிறது. மீன் வளர்ப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆர்ட்டீமியா என்கிற ஆரஞ்சு நிறப் பொடி இறாலைத் தின்கின்றன, இனி பிழைத்துக்கொள்ளும். இதற்கு முந்தைய ஈடுகள் எல்லாம் பொரிந்த முதல் வாரத்திலேயே ஒன்றொன்றாகக் காணாமல் போயின. இந்த முறை தொட்டியின் மேல்மட்டத்தில் ஒரு கூட்டமே திரிகிறது. எண்ணலாம் என்று உட்கார்ந்தால் ஒரு நொடி நிற்க மாட்டேன் என்கின்றன.

கடைகளில் ஸ்பாட்டட் புளூ ஐ என்று விற்கிற அதே சூடோமியூகில் ஜெர்ட்ரூடேதான். நன்றாக வளர்ந்தாலே 3 செ.மீ. ஒட்டித்தான் இருக்கும். வட ஆஸ்திரேலியா, தெற்கு நியூகினி, நடுவில் ஆரு தீவுகள், இதுதான் அதன் ஊர். ஆரு தீவுகளில் மீன் சேகரித்த ஹூகோ மெர்டன் என்ற ஜெர்மானியரின் மனைவி பெயர் ஜெர்ட்ரூட். மாக்ஸ் வெபர் 1911-ல் அந்தப் பெயரையே மீனுக்கு வைத்துவிட்டார். இலை மட்கிய, உப்புச்சத்து இல்லாத, லேசான அமிலத் தண்ணீரில் வாழும் மீன். அந்த விஷயத்தில் அம்பாசமுத்திரத்துக்காரனுக்குக் கவலை இல்லை. பொதிகையிலிருந்து இறங்கி வருகிற தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருகிறது. குளோரின் போகும் வரை வாளியில் வைத்து, ஒரு பாதாம் மரத்து இலையைப் போட்டால் போதும். போர்வெல் தண்ணீரோடு மல்லுக்கட்டி ஆர்.ஓ. வாங்கிக் கலக்கிற நண்பர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

தாய் மீன்கள் சென்னை கொளத்தூரிலிருந்து வந்தவை. முதலில் வேறொரு ஊரில் ஒருவரிடம் ஜோடி ஜோடியாகச் சொல்லிப் பணம் போட்டேன். வந்த பையில் இருந்ததெல்லாம் ஆண். கேட்டால் "வளர்ந்தால் தெரியும் சார்" என்கிறார். சரி, ஆண்கள் துடுப்பை விரித்துச் சண்டை போடுகிற அழகுக்காவது ஆகட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த நெஞ்சுத் துடுப்பு இரண்டையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஒன்றையொன்று சுற்றுவதைப் பார்க்கத்தானே இந்த மீனை வாங்குகிறோம்.

முட்டை எடுப்பது பெரிய வித்தை இல்லை. கரும்பச்சை அக்ரிலிக் உல்லன் நூலை ஒரு குயர் நோட்டில் சுற்றி, ஒரு பக்கம் கட்டி, மறுபக்கம் வெட்டி, சாயம் போகக் கொதிக்க வைத்து, தெர்மாகோல் துண்டில் தொங்கவிட்டால் தீர்ந்தது. பருத்தி நூல் வேண்டாம், அழுகும். பெண் மீன் ஒரே மூச்சில் கொட்டாது. தினமும் அந்த நூலில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இடும். நூலை விரலால் உருவினால் ரவை மாதிரி நெருடும். தைரியமாக எடுக்கலாம், உடையாது. வெள்ளையாகிப் போனதை மட்டும் அன்றன்றைக்கே பொறுக்கிவிட வேண்டும். 27, 28 டிகிரியில் 10 நாளை ஒட்டிப் பொரிகிறது. எல்லாம் ஒரே நாளில் பொரியாது என்பதால் பெரிய குஞ்சு சின்னக் குஞ்சைத் தின்னாமல் பாத்திரம் மாற்றுகிற வேலை ஒன்று இருக்கிறது.

கஷ்டம் அதற்கப்புறம்தான். பொரிந்த குஞ்சு நீர்மட்டத்தை ஒட்டியே திரிகிறது. விரலளவு கூடக் கீழே இறங்காது. வாயோ ஊசிமுனை. எல்லாரும் மைக்ரோ வார்ம் என்கிற பொடிப் புழுவைப் போடு என்கிறார்கள். நல்ல தீவனம்தான், ஆனால் போட்ட கையோடு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. மேலே குஞ்சு பட்டினி, கீழே விருந்து. அடியில் மேய்கிற குஞ்சுகளுக்கு அது பொருந்தும், புளூ ஐ குஞ்சுக்குப் பொருந்தாது. வைக்கோல் ஊறவைத்த தண்ணீரில் பெருகுகிற நுண்ணுயிர்களான இன்ஃபியூசோரியாவும் போட்டுப் பார்த்தேன். கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் ஒரு நாள் நன்றாக இருக்கிறது, மறுநாள் நாற்றமடித்து மேலே ஏடு கட்டுகிறது. மேல்மட்டத்திலேயே குடியிருக்கிற குஞ்சுக்கு அந்த ஏடுதான் எமன்.

வினிகர் புழுவுக்கு வந்தது இதனால்தான். வினிகரிலேயே வாழ்கிற நூல்புழு, அறிவியல் பெயர் டர்பாட்ரிக்ஸ் அசெட்டி. நீளம் 2 மி.மீ. வரை, தடிமன் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. நல்ல தண்ணீரில் விட்டால் நாள்கணக்கில் சாகாமல் நெளிந்துகொண்டே இருக்கும். முக்கியமான விஷயம், மேலே ஏறித் திரிகிற குணம். குஞ்சும் மேலே, தீவனமும் மேலே. வளர்ப்பதும் சோம்பேறிக்கு ஏற்ற வேலை: மளிகைக் கடையின் வெள்ளை வினிகர் பாதி, தண்ணீர் பாதி, இரண்டு ஆப்பிள் துண்டு, பாட்டில் வாயில் ஒரு துணி. மாதக்கணக்கில் திரும்பிப் பார்க்காமல் இருக்கலாம்.

ஆனால் வினிகரோடு சேர்த்துக் குஞ்சுத் தொட்டியில் ஊற்ற முடியுமா? பிரித்தெடுக்க வேண்டும். காபி ஃபில்டர் தாளில் வடிகட்டிக் கழுவலாம் என்பார்கள். பாதி புழு தாளோடு போய்விடுகிறது, மீதியில் வினிகர் வாடை போவதில்லை. கழுத்து முறைதான் சரி. நீளக் கழுத்துள்ள பாட்டிலில் கழுத்து தொடங்கும் இடம் வரை கல்ச்சரை, அதாவது புழு வளர்கிற வினிகர்க் கரைசலை ஊற்றி, அதன்மேல் ஃபில்டர் பஞ்சை அடைத்து, பஞ்சுக்கு மேலே நல்ல தண்ணீரை நிரப்பி வைத்தால், கீழே காற்று குறையக் குறையப் புழுக்கள் பஞ்சைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். மறுநாள் சிரிஞ்சில் உறிஞ்சினால் பால் கலந்தது போலச் சுத்தமான புழுத் தண்ணீர்.

சொல்வதற்கு இவ்வளவுதான், செய்யும்போதுதான் தெரியும். பஞ்சு கல்ச்சரின் மேல்மட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் ஒரு காற்றுக் குமிழி மாட்டினால் புழுக்கள் அந்தக் குமிழியையே காற்றுவெளி என்று நினைத்து அங்கேயே கூடிவிடும், மேலே ஒன்றும் வராது. ஆகவே பஞ்சை முதலில் கல்ச்சரிலேயே நனைத்து, பிழிந்து, சீன உணவுக் குச்சியால் பக்கவாட்டில் அழுத்திக்கொண்டே இறக்க வேண்டும். மருந்துக்கடைப் பஞ்சு கூடவே கூடாது, ஊறிக் களிமண்ணாகிவிடும். கேனிஸ்டர் ஃபில்டருக்கு விற்கிற வெள்ளைச் செயற்கைப் பஞ்சுதான் வேண்டும். ரொம்ப இறுக்கினால் புழு ஏறாது, தளர்ந்தால் வினிகர் ஏறும். பஞ்சில் ஒரு நூல் கட்டி வெளியே விடுங்கள், இல்லாவிட்டால் எடுக்கும்போது பாட்டிலை உடைக்கத்தான் தோன்றும். மேல் தண்ணீரை சிரிஞ்சால் சுவரோரமாக ஒழுகவிட வேண்டும். வினிகர்க் கரைசல் கனமானது, அவசரப்படாவிட்டால் கீழேயே கிடக்கும்.

கழுத்து எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. ஜாம் பாட்டில், சாஸ் பாட்டில் எதுவும் சரிப்படவில்லை. கடைசியில் பீர் பாட்டிலுக்கு ஈடு இல்லை என்று முடிவுக்கு வந்தேன். பழைய இரும்புக் கடையில் போய்க் கேட்டால், "இங்க எல்லாரும் பாட்டில் போடத்தான் வருவாவ, வாங்க வந்த மொத ஆளு நீங்கதான்" என்று ஏற இறங்கப் பார்த்தார். மொட்டைமாடி அறை ஜன்னலில் வரிசையாக நின்ற பாட்டில்களை ஆச்சி பார்த்துவிட்டாள். "ஏல, மீன் வளக்கேன் மீன் வளக்கேன்னு சொல்லிட்டு மாடியில என்னத்தல பண்ணுத?" மோந்து பார்த்து வினிகர் என்று தெரிந்த பிறகும் அவளுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. பூதக்கண்ணாடி கொடுத்துப் புழுவைக் காட்டியதில் சந்தேகம் அருவருப்பாக மாறியதே தவிரக் குறையவில்லை.

பாட்டில்களை முறைவைத்து ஓட்டுகிறேன். ஒன்றில் அறுவடை, ஒன்று ஊறல், ஒன்று ஓய்வு. காலையும் மாலையும் சிரிஞ்சால் கொஞ்சம். தண்ணீர் உயரம் ஒரு சாண் கூட வேண்டாம், அகலமான பாத்திரம்தான் முக்கியம். இந்த ஈடு தப்பியதற்குக் காரணம் இந்தக் கழுத்துதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முதல் வாரம் தாண்டியதும் ஆர்ட்டீமியா. புதிதாகப் பொரிந்தது அரை மில்லிமீட்டருக்குள் இருந்தாலும் எல்லாக் குஞ்சு வாயிலும் நுழைவதில்லை. ஆகவே இரண்டையும் சில நாள் சேர்த்தே போட்டேன். ஆர்ட்டீமியா முட்டையைப் பொரிக்க லிட்டருக்கு 25 கிராம் உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா, 28 டிகிரி, விளக்கு வெளிச்சம், விடாமல் காற்று, இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். உப்பு மட்டும் அயோடின் கலக்காத தூத்துக்குடி கல் உப்பு. வேடிக்கை என்னவென்றால் தூத்துக்குடி உப்பளங்களிலேயே ஆர்ட்டீமியா வாழ்கிறது. நாமோ டின்னில் வெளிநாட்டு முட்டையை வாங்கி, தூத்துக்குடி உப்பைக் கரைத்து, அதில் பொரிய வைக்கிறோம். சில்லறையாகப் பிரித்து விற்கிற பொட்டலம் ஒன்று வாங்கியதில் முக்கால்வாசி பொரியாமல் பழுப்புத் தூளாகவே மிதந்தது. காசு கூடினாலும் சீல் வைத்த சின்ன டின்தான் நல்லது, பிரித்ததும் ஃப்ரிட்ஜில். பொரிந்தவுடன் கொடுத்துவிட வேண்டும். மஞ்சள்கருச் சத்தெல்லாம் முதல் சில மணி நேரத்தில்தான், அப்புறம் வெறும் கூடு.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சித்திரையில் மாடி அறைத் தண்ணீர் தாங்காது. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழுந்தால் அந்தக் காற்று அம்பைக்கும் வந்து சேரும், அதுதான் இந்த மீனுக்குப் பருவம். மற்ற மாதங்களுக்காகக் காருகுறிச்சி மண்சட்டி ஒன்றில் ஈர மணலைப் பரப்பி, அதில் குஞ்சுப் பாத்திரத்தைப் பதித்து வைத்திருக்கிறேன். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற கணக்குதான். ஃபேன் காற்றும் பட்டால் நன்றாகவே இறங்குகிறது. சாரல் காலத்தில் மாடியில் ஈரப்பதம் ஏறினால் இந்த வித்தை அவ்வளவாக எடுபடாது, ஆனால் அப்போது தேவையும் இல்லை.

இதுகள் இன்னும் ஆண் பெண் தெரியும் அளவுக்கு வரவில்லை. அதற்குள் மனசு அடுத்ததற்குத் தாவிவிட்டது. சிவப்பு நியான் என்று விற்கிற சூடோமியூகில் லூமினாடஸ் வேண்டும். எத்தனையோ வருஷம் பெயரில்லாமலே கடைகளில் ஓடிக்கொண்டிருந்த மீனுக்கு 2016-ல்தான் முறைப்படி பெயர் வைத்தார்கள். திரெட்ஃபின் ரெயின்போவும் ஆசைதான், அதன் குஞ்சு வாய் இன்னும் சின்னது, வினிகர் புழுவே பெரிதாகிவிடுமோ என்று பயம். அதற்காக மாடியில் சிமெண்ட் தொட்டி ஒன்று பச்சைத் தண்ணீருக்காகவே, அதாவது நுண்பாசி வளர்ந்த தண்ணீருக்காகவே, ஒதுக்கியாகிவிட்டது. இதற்கிடையில் நண்பர் ஒருவர், நம் ஆற்றின் பெயரையே தாங்கிய டாக்கின்சியா தாம்பிரபர்ணி மீனை விட்டுவிட்டு நியூகினிக்கு ஏன் போகிறாய் என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. அதற்கு நாலடித் தொட்டி வேண்டும், நாலடித் தொட்டிக்கு ஆச்சியின் அனுமதி வேண்டும்.

வினிகர் புழு கல்ச்சர் இப்போது தேவைக்கு மேல் இருக்கிறது. அம்பைப் பக்கம் வருகிறவர்களுக்குத் தருகிறேன், ஆப்பிள் துண்டும் நானே போட்டுத் தருகிறேன். பாட்டிலை மட்டும் நீங்கள் கொண்டு வந்துவிடுங்கள்.