காவலாளி இறந்தால் கம்பெனிக்கும் பொறுப்பு உண்டு: அத்தைக்கு இழப்பீடு வாங்கிய கதை

மாமா ஒரு குடோனில் ஹெட் செக்யூரிட்டி. சம்பளம் கொடுத்தது ஏஜென்சி, யூனிஃபார்மும் அவர்களுடையது. ராத்திரி முழுக்கக் கண் விழித்து நின்றது குடோன் கம்பெனியின் வாசலில். ஒரு நாள் விடியற்காலை லாரிக்குக் கதவு திறக்கும்போது, இரும்பு ஸ்லைடிங் கேட் தண்டவாளத்தை விட்டு வெளியே வந்து அவர் மேல் சாய்ந்துவிட்டது. கேட் ஓடி முடியும் இடத்தில் இருக்க வேண்டிய தடுப்புக் கட்டை உடைந்து பல வாரம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அடக்கம் முடிந்து போய்க் கேட்டபோது, "அவர் எங்க ஆள் இல்லைங்க, ஏஜென்சியைக் கேளுங்க" என்றார் கம்பெனி மேனேஜர். "கேட் அவங்களோடது, நாங்க என்ன பண்றது?" என்றார் ஏஜென்சிக்காரர். இதே நிலையில் நிற்கும் குடும்பங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதைத்தான்: இவர்களில் யார் பொறுப்பு என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். மனுவில் இருவரையும் சேருங்கள்.

காரியம் முடிவதற்குள் ஏஜென்சியிலிருந்து இரண்டு பேர் ஸ்டாம்ப் பேப்பரோடு வீட்டுக்கு வந்தார்கள். கையில் 2 லட்சம் ரூபாய். இனி எந்த உரிமையும் கோர மாட்டேன் என்று அத்தை கையெழுத்துப் போட வேண்டுமாம். அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தவர் முன்னால் பேனாவை நீட்டினார்கள். இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது. வக்கீலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று திருப்பி அனுப்பினோம். எங்கள் விபத்தின்போது நடைமுறையில் இருந்த 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் 8-வது பிரிவு இருந்தது. மரணத்துக்கான இழப்பீட்டை ஊழியர் இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்தால் அது இழப்பீடாகக் கணக்கில் வராது. மூன்று மாதச் சம்பளம் வரை முன்பணம் கொடுக்கலாம், அவ்வளவுதான். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் காகிதமும் 17-வது பிரிவின்படி செல்லாது. அதனால் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களும் மனம் தளர வேண்டாம்.

முதலில் பார்க்க வேண்டியது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இஎஸ்ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, நிறுவனமும் இஎஸ்ஐ-யின் கீழ் வருகிறது என்றால், சார்ந்தோர் உதவித்தொகை மாதாமாதம் அங்கிருந்து வரும். அப்போது இந்த 1923 சட்டத்தின் கீழ் தனியாக இழப்பீடு கேட்க முடியாது. ஏஜென்சி பணம் கட்டாமல் ஏமாற்றியிருந்தாலும், கட்ட வேண்டியிருந்தது என்றாலே அவர் காப்பீடு பெற்றவர்தான். மாமாவின் சம்பளம் 22,000. அதனால் எங்களுக்கு வழி ஆணையரிடம்தான். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை அதிகாரிதான் அந்தப் பொறுப்பில் இருப்பார். விபத்து நடந்த இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். குடும்பம் வசிக்கும் ஊரிலேயே போடலாம். பெண் என்பதால் வருமான வரம்பு பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் அத்தைக்கு இலவசமாக வக்கீல் கிடைத்தார். பொறுமையானவர், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்.

கணக்கு இதுதான். மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கான எண்ணால் பெருக்க வேண்டும். 22,000 வாங்கியிருந்தாலும் கணக்குக்கு 15,000 வரைதான் எடுப்பார்கள். மாமாவின் வயதான 50-க்கான எண் 153.09. ஆக 7,500 பெருக்கல் 153.09, அதாவது 11,48,175 ரூபாய். அவர்கள் நீட்டிய 2 லட்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

விசாரணையில் யாருடைய அலட்சியம் என்று நாங்கள் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. வேலை நேரத்தில், வேலையின் காரணமாக நடந்த விபத்து என்றாலே போதும். அப்படியிருந்தும் கம்பெனி வக்கீல், மாமா குடித்திருந்தாரா என்று அத்தையிடம் குறுக்கு விசாரணையில் கேட்டார். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் அப்படி ஒன்றுமே இல்லை. மரணம் என்று வந்துவிட்டால் அந்த வாதம் சட்டப்படியே எடுபடாது. ஒரு நல்ல மனிதர் மேல் சேறு பூசத்தான் அந்தக் கேள்வி.

உண்மையான சண்டை 12-வது பிரிவில். தன் தொழிலின் வழக்கமான பகுதியாக இருக்கும் வேலையை ஒருவர் காண்டிராக்டில் விட்டு, தன் கட்டுப்பாட்டில் உள்ள இடத்தில் விபத்து நடந்தால், அந்த முதன்மை முதலாளியிடமும் இழப்பீடு கேட்கலாம் என்கிறது அது. கம்பெனி இரண்டு பதில் வைத்திருந்தது. ஒன்று, எல்லாப் பொறுப்பும் ஏஜென்சிக்கே என்ற ஒப்பந்தம். அது அவர்கள் இருவருக்கும் இடையிலான விஷயம். கட்டிய பணத்தைக் கம்பெனி ஏஜென்சியிடம் வசூலித்துக்கொள்ளலாம், அத்தையை அது கட்டுப்படுத்தாது. இரண்டாவது பதில்தான் எங்களைப் பயமுறுத்தியது: "எங்கள் தொழில் சரக்கு சேமிப்பு. காவல் எங்கள் தொழில் அல்ல."

இங்கே கைகொடுத்தது மாமாவின் போன். ஒவ்வொரு ராத்திரியும் கேட் ரிஜிஸ்டர் பக்கத்தைப் போட்டோ எடுத்து, கம்பெனியின் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது அவர் வழக்கம். லாரி நம்பர், சீல் நம்பர், பெட்டிக் கணக்கு, உள்ளே வந்த நேரம், ஓரத்தில் அவருடைய சாய்ந்த கையெழுத்து. கீழே கம்பெனியின் டிஸ்பாட்ச் அதிகாரி, "அடுத்த வண்டியை மூணாவது ஷெட்டுக்கு அனுப்புங்க" என்று உத்தரவு போட்டிருப்பார். சீல் சரிபார்ப்பதும் சரக்கு எண்ணுவதும் சரக்கு சேமிப்புத் தொழில் இல்லாமல் வேறென்ன? ஆணையர் அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரிஜிஸ்டரைக் கொண்டுவாருங்கள் என்றதற்கு, காணவில்லை என்றது கம்பெனி. இறந்தவரின் போனை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், ரீசெட் செய்துவிடாதீர்கள்.

உத்தரவு இருவர் மேலும் வந்தது. விபத்து நடந்த நாளிலிருந்து 12 சதவீத வட்டியும் சேர்ந்தது; இழப்பீடு கொடுக்க வேண்டிய கடன் அன்றைக்கே பிறந்துவிடுகிறது என்று 1975-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஏஜென்சி எடுத்திருந்த பாலிசியிலிருந்து இன்சூரன்ஸ் நிறுவனம் அசலையும் வட்டியையும் கட்டியது. உரிய காலத்தில் கட்டாததற்கு இழப்பீட்டில் 50 சதவீதம் வரை அபராதம் போடலாம். அதை இன்சூரன்ஸ் தராது, ஏஜென்சியே தன் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். அதற்கான நோட்டீஸுக்கு ஏஜென்சி இன்னும் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறது. கம்பெனி மேல்முறையீடு போவதாகச் சொல்லி நிறுத்திக்கொண்டது. முழுத் தொகையையும் கட்டிய சான்று இல்லாமல் உயர் நீதிமன்றம் அதை ஏற்காது.

அத்தை, பாட்டி, பதினாறு வயது மகள் என்று ஆணையர் பணத்தைப் பிரித்தார். மகளின் பங்கு 18 வயது வரை வங்கி டெபாசிட்டில் இருக்கும். பிஎஃப் கணக்கோடு வரும் இடிஎல்ஐ என்ற உயிர்க் காப்பீடு இதிலிருந்து தனி, அதிகபட்சம் 7 லட்சம் வரை கிடைக்கும். அதையும் விடாமல் கேளுங்கள்.

எங்கள் விபத்து பழைய சட்டக் காலத்தில் நடந்தது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதற்குப் பிறகு நடந்த விபத்து என்றால், எந்தப் பிரிவில் மனு போடுவது என்பதை வக்கீலிடம் முதலிலேயே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.