அம்மாவுக்குப் பின்னால் ஒரு கொமா

"டீச்சர், இந்தக் கொமா எதுக்கு?"

இன்று பின்னேரம், ஹட்டன் டியூசன் வகுப்பு. சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிற பிள்ளை. கொப்பியில் இப்படி எழுதியிருந்தாள்: 'மை மதர் ஹூ பிளக்ஸ் டீ இஸ் டயர்ட்.'

மதருக்குப் பின்னால் ஒன்று, டீக்குப் பின்னால் ஒன்று. சிவப்புப் பேனையால் இரண்டு கொமா போட்டேன்.

கொமா இல்லையென்றால், பல அம்மாக்களுக்குள் கொழுந்து பறிக்கிறவரை மட்டும் பிரித்துக் காட்டுவதாகிவிடும். கொமா வந்தால் அம்மா ஒருத்திதான். கொழுந்து பறிப்பது கூடுதல் செய்தி. 'த வுமன் ஹூ பிளக்ஸ் டீ' என்றால் கொமா வேண்டாம். எந்தப் பெண் என்பதை அந்த 'ஹூ'தானே சொல்கிறது?

தமிழில் 'கொழுந்து பறிக்கிற அம்மா' என்போம். பெயரெச்சம் முந்திக்கொள்ளும், வேலையைச் சொன்ன பிறகுதான் ஆள் வருவார். ஆங்கிலத்தில் ஆள் முதலில், அவர் கதை பின்னால். கொமாவும் அங்கேதான் வேலை செய்கிறது. நம் பிள்ளைகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அதை மக்குத்தனம் என்று யாரும் சொல்லக்கூடாது.

அவள் இரண்டு கொமாவையும் அழுத்திப் போட்டாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"கூடுதல் செய்தின்னு சொன்னீங்களே டீச்சர்... எங்கம்மாவுக்கு நாள் முழுக்க அதுதானே?"

பேனையை மூடி வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.