போகனின் கல்

வீட்டு ஜெபத்தில் வேதாகமத்தை வரிசையாக வாசிப்பது எங்கள் பழக்கம். இஸ்ரவேலர் கானான் தேசத்தைப் பிடித்துக் கோத்திரங்களுக்குப் பங்கிட்டதைச் சொல்லும் யோசுவா புத்தகத்தில் 13-ஆம் அதிகாரம் வந்ததும் என் மனைவி கண்ணாடியைக் கழற்றிவிடுவாள். "எல்லை, பட்டணம், அவைகளின் கிராமங்கள்... இதை விட்டுட்டு நேரா 22-க்குப் போயிடலாமே" என்பாள். எரிகோவின் மதில் விழுந்தாயிற்று, சூரியன் நின்றாயிற்று, 31 ராஜாக்கள் தோற்றாயிற்று. அதற்குமேல் என்ன கதை என்பது அவள் கட்சி.

எனக்கோ புத்தகமே அங்கேதான் தொடங்குகிறது. 34 வருடம் சங்கிலி இழுத்த நில அளவையர் நான். கடைசிப் பத்து வருடம்தான் கருவி வைத்து அளந்தேன். யுத்தக் கதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஒரு எல்லைக்கோட்டை வாயால் விவரித்து எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் தொழிலில் இருப்பவனுக்குத்தான் தெரியும்.

உதாரணத்துக்கு யூதா கோத்திரத்தின் வடக்கு எல்லை. யோர்தான் நதி உப்புக்கடலில், அதாவது சாக்கடலில், விழும் முகத்துவாரத்தில் தொடங்கி மேற்கே ஏறுகிறது. வழியில் 'ரூபனின் குமாரனாகிய போகனின் கல்'லுக்கு ஏறி, ரொகேல் கிணற்றைத் தொட்டு, இன்னோம் பள்ளத்தாக்கு வழியே எபூசியர் பட்டணமான எருசலேமின் தெற்கே போகிறது. மூன்று அதிகாரம் தள்ளி, பக்கத்துக் கோத்திரமான பென்யமீனின் தெற்கு எல்லை வருகிறது. அதே கோடுதான், ஆனால் மேற்கிலிருந்து கிழக்காக எழுதியிருக்கிறார்கள். அதே கல்லுக்கு இப்போது 'இறங்கி' வருகிறது! முதன்முறை இதைக் கவனித்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. உட்கார்ந்த இடத்தில் யாரும் இப்படி எழுத மாட்டான். மேட்டில் ஏறி இறங்கிய கால் எழுதிய வாக்கியம் அது. யார் அந்தப் போகன், ரூபன் கோத்திரம் யோர்தானுக்குக் கிழக்கே குடியிருக்க அவன் பெயரில் மேற்கே ஏன் ஒரு கல், ஒரு விளக்கமும் கிடையாது. பழைய எல்லைக்கற்கள் எல்லாமே அப்படித்தான். பெயர் நிற்கும், ஆள் போய்விடுவான்.

கணக்கும் நம் கணக்கு மாதிரியே இருக்கிறது. யூதாவின் தென்கோடிப் பட்டணங்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, மொத்தம் 29 என்று கூட்டுத்தொகை போடுகிறார்கள். விரல்விட்டு எண்ணினால் 30-ஐயும் தாண்டுகிறது. எந்தப் பட்டியல், எந்தக் காலத்தில் மேலே சேர்க்கப்பட்டதோ! பிறகு, யூதாவின் பங்கு மிஞ்சிப்போனது என்று சொல்லி அதற்குள்ளேயே சிமியோன் கோத்திரத்துக்கு இடம் ஒதுக்குகிறார்கள்.

யோசுவாவைச் சேனாதிபதியாகவே நமக்குப் பழக்கிவிட்டார்கள். 18-ஆம் அதிகாரத்து யோசுவா வேறு ஆள். ஏழு கோத்திரங்கள் இன்னும் பங்கு வாங்காமல் சீலோவில் சும்மா உட்கார்ந்திருக்கின்றன. எத்தனை நாள்தான் இப்படி அசட்டையாய் இருப்பீர்கள் என்று அதட்டுகிறார். கோத்திரத்துக்கு மூன்று பேராக 21 பேரை அனுப்புகிறார். அவர்கள் நடந்து திரிந்து, பட்டணம் பட்டணமாய், ஏழு பங்காகப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வருகிறார்கள். அதன்பிறகே சீட்டுப்போட்டு எந்தப் பங்கு யாருக்கு என்பது. அளக்கிறவன் ஒருவன், பிரிக்கிற கை வேறு என்ற ஏற்பாடு அப்போதே இருந்திருக்கிறது. அளந்தவனே பிரித்துக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நான் வேலையில் பார்த்திருக்கிறேன். அது இங்கே வேண்டாம்.

மனுக்கள் இல்லாமலா? காலேப் 85 வயதில் வந்து, ராட்சதர்களான ஏனாக்கியர் இருக்கும் மலைநாட்டையே கேட்டு வாங்குகிறார். அவர் மகள் அக்சாள் கழுதையிலிருந்து இறங்கி, வறண்ட நிலம் கொடுத்தீர்களே, தண்ணீருள்ள நிலமும் கொடுங்கள் என்கிறாள். மேல் ஊற்றும் கீழ் ஊற்றும் அவளுக்குக் கிடைக்கின்றன. நீர் இல்லாத நிலம் காகிதத்தில் மட்டுமே நிலம் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆண்பிள்ளை இல்லாமல் இறந்த செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள், மோசே காலத்து உத்தரவைச் சுட்டிக்காட்டித் தங்கள் பங்கை வாங்கிக்கொள்கிறார்கள்.

எனக்குப் பிடித்த மனு யோசேப்பின் புத்திரருடையது, அதாவது எப்பிராயீம், மனாசே கோத்திரங்களுடையது. நாங்கள் இவ்வளவு ஜனம், எங்களுக்கு ஒரே பங்கா என்கிறார்கள். யோசுவாவே எப்பிராயீம்காரர், அதாவது கேட்பவர்கள் சொந்தக்காரர்கள். அவ்வளவு பெரிய ஜனமாயிருந்தால் காட்டில் ஏறி மரத்தை வெட்டி இடம் உண்டாக்கிக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகுதான் அவருக்கு எப்பிராயீம் மலையில் திம்னாத்சேரா. அதையும் அவரே கட்டிக் குடியேறவேண்டியிருந்தது.

இனி தரைக்கு வருவோம். கர்த்தர் தேசம் முழுவதையும் கொடுத்தார் என்று யோசுவா 21 வேலை முடிந்ததாகச் சான்று தருகிறது. அடுத்த புத்தகமான நியாயாதிபதிகளின் முதல் அதிகாரத்தில் நிலவரம் வேறு. பெத்செயான், தானாக், தோர், மெகிதோ, கேசேர் என்று துரத்தாத ஊர்களின் பட்டியல். பள்ளத்தாக்குக்காரர்களிடம் இருப்பு ரதங்கள் இருந்தன என்று யூதாவுக்கு ஒரு காரணமும் சொல்லப்படுகிறது. மண்ணைத் தோண்டியவர்கள் சொல்வதும் இரண்டாவது கணக்கோடுதான் ஒட்டுகிறது. யோசுவா சுட்டெரித்ததாகச் சொல்லப்படும் ஆத்சோர் பட்டணம் கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் எரிந்தது உண்மை. ஆனால் அவர் பிடித்ததாகச் சொல்லப்படும் ஆயி பட்டணம் என்று பலரும் கருதும் எத்-தெல் மேடு அந்தக் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஆளில்லாமல் கிடந்தது. மலைநாட்டில் சிறுசிறு கிராமங்கள் மெல்ல முளைத்திருக்கின்றன.

1896-இல் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி எகிப்தின் தீப்ஸில் கண்டெடுத்த, எகிப்து மன்னன் மெர்னெப்தாவின் வெற்றிக் கல்வெட்டைப் பற்றிப் படித்தபோது நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். ஏறத்தாழ கி.மு. 1208-ஐச் சேர்ந்தது. அஸ்கலோன், கேசேர், யெனோவாம் ஆகிய பெயர்களோடு ஊரையோ நாட்டையோ குறிக்கும் குறியீடு இருக்கிறது. 'இஸ்ரவேல்' என்ற பெயரோடு மட்டும் ஜனத்தைக் குறிக்கும் குறியீடு. ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் பெயரில் இன்னும் நிலம் பதிவாகவில்லை! எகிப்து எழுத்தனும் எங்கள் இனம்தான்.

நியாயாதிபதிகள் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். தெபொராள் ராமாவுக்கும் பெத்தேலுக்கும் நடுவே ஒரு பேரீச்சமரத்தடியில் உட்கார்ந்து வழக்குத் தீர்த்தாள். முகவரி இவ்வளவு துல்லியமாக இருப்பதே எனக்குப் போதும். சிம்சோனை விட்டுவிடுகிறேன், அவருக்கு ஏற்கனவே ரசிகர்கள் அதிகம். யெப்தாவை மட்டும் விடமாட்டேன். அவசரப் பொருத்தனையால் மகளை இழந்தவர் என்றுதான் அவரைச் சொல்வார்கள். அதற்கு முன்னால், அர்னோன் ஆறு முதல் யாபோக்கு ஆறு வரை என் நிலம் என்று கேட்ட அம்மோன் ராஜாவுக்கு அவர் அனுப்பிய பதிலை வாசியுங்கள். நிலம் அப்போது எமோரியன் சீகோன் கையில் இருந்தது, உன்னிடம் இல்லை. நாங்கள் 300 வருடமாய்க் குடியிருக்கிறோம், இத்தனை காலம் நீ ஏன் மீட்கவில்லை? கைப்பற்று, பின்னர் நீண்ட அனுபவ பாத்தியம். வக்கீல் தோற்றுப்போவார். பதில் எடுபடவில்லை, சண்டை வந்தது என்பது வேறு விஷயம்.

இவ்வளவு ரசித்துப் படிக்கும் எனக்கும் ஒரு இடத்தில் வாய் அடைத்துவிடும். இந்த அளவை முழுக்க ஆள் குடியிருக்கும் நிலத்தின்மேல் நடந்தது. நான் அளக்கப் போன இடங்களிலும் வரைபடத்தில் காலியாக இருந்த இடத்தில் அடுப்பு புகைந்துகொண்டிருக்கும். கோலை ஊன்றுமுன் அந்த வீட்டுப் பெண் வந்து நிற்பாள். அவளிடம் படத்தை விரித்துக் காட்டியிருக்கிறேன். எந்த முகத்தோடு காட்டினேன் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

தாண் கோத்திரத்துக்குச் சீட்டில் விழுந்த நிலம் கைக்கு வரவில்லை. எமோரியர் அவர்களை மலைக்கு நெருக்கிவிட்டார்கள். நியாயாதிபதிகள் 18-இல் அவர்கள் ஐந்து பேரை நிலம் பார்க்க அனுப்புகிறார்கள். யோசுவாவின் 21 பேர் செய்த அதே வேலைதான்: நடப்பது, பார்ப்பது, வந்து சொல்வது. அவர்கள் கண்டது வடகோடியில் லாயீஸ் என்ற ஊர். அறிக்கையில் ஒன்றும் விடுபடவில்லை. நிலம் விசாலம், ஒன்றுக்கும் குறைவில்லை, ஜனங்கள் பயமில்லாமல் அமைதியாய் இருக்கிறார்கள், சீதோன் தூரம், வேறு யாரோடும் அவர்களுக்குத் தொடர்பில்லை. தூரத்தை எழுதியது எல்லை போடுவதற்கல்ல. 600 பேர் ஆயுதத்தோடு கிளம்பிப் போனார்கள்.

அந்த அதிகாரம் வரும் இரவில் கண்ணாடியைக் கழற்றுவது நான்தான். அவளை வாசிக்கச் சொல்லிவிடுவேன்.